168 ஸ்பானியர்கள் இன்காப் பேரரசை எப்படிப் பிடித்தார்கள், பிடித்த பின் எப்படி ஆண்டார்கள்?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். 1532-இல் வெறும் 168 ஸ்பானியர்கள் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் ஒரு கோடி மக்கள் வாழ்ந்த இன்காப் பேரரசை எப்படி வென்றார்கள்? வென்ற பிறகு அங்கே எப்படிப்பட்ட சமூகம் உருவானது? முதல் கேள்விக்கு விடை எங்கும் கிடைக்கும்: குதிரை, எஃகு வாள், துப்பாக்கி, அம்மை நோய். எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஒரு மன்னரைச் சிறைபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு நாட்டை முன்னூறு ஆண்டு பிழிந்தெடுக்க வேண்டுமென்றால் அந்த நாட்டு மக்களின் தலைவர்கள், வழக்கங்கள், உழைப்பு முறைகள் எல்லாமே ஆள்பவரின் கைக்கு வர வேண்டும். அது எப்படி நடந்தது என்பதை இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி வெள்ளி மலையை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் கட்டிய சமூகத்தை அந்த ஓர் ஊரைப் போல வேறு எந்த ஊரும் இவ்வளவு துலக்கமாகக் காட்டுவதில்லை.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1520-களின் பிற்பகுதியில் பேரரசர் வய்னா கபாக் இறந்தார். வடக்கிலிருந்து பரவி வந்த பெரியம்மை அவரைக் கொன்றது என்பது பரவலான கருத்து. அவருடைய மகன்கள் வாஸ்கரும் அதவால்பாவும் ஆட்சிக்காகப் போரிட்டார்கள். அதவால்பாவின் தளபதிகள் தலைநகர் குஸ்கோவைப் பிடித்து வாஸ்கரைச் சிறையிலிட்ட சமயத்தில்தான் ஸ்பானியத் தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோவின் கூட்டம் மலையேறி வந்தது. 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா சதுக்கத்துக்கு அதவால்பா பல்லக்கில் வந்தார். உடன் வந்த ஆயிரக்கணக்கானவர்கள் போருக்கு ஆயத்தமாக வரவில்லை. ஊருக்கு வெளியே பெரும்படை பாளையமிட்டிருந்தது. நூற்றுச் சொச்சம் அந்நியர்களைப் பார்த்து அவர் அஞ்சுவதற்குக் காரணமே இல்லை. வல்வெர்தே என்ற பாதிரியார் முன்னே போய்க் கிறிஸ்துவையும் ஸ்பெயின் மன்னரையும் ஏற்கச் சொன்னார். பேச்சு முறிந்தது. கட்டடங்களுக்குள் ஒளிந்திருந்த குதிரைப்படை கூட்டத்தின்மேல் பாய்ந்தது. இருட்டுவதற்குள் பேரரசர் கைதியாகிவிட்டார்.

விடுதலைக்கு விலையாக ஓர் அறையை ஒருமுறை தங்கத்தாலும் இருமுறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக அதவால்பா சொன்னார். சொன்னபடியே பல மாதங்கள் வந்து குவிந்தது. கோயில் தகடுகள், பாத்திரங்கள், சிலைகள் என ஆண்டீயப் பொற்கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தவை எல்லாம் உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. குதிரைவீரர் ஒவ்வொருவருக்கும் சுமார் 40 கிலோ தங்கமும் 80 கிலோ வெள்ளியும் பங்காகக் கிடைத்தன. 1533 ஜூலையில் அதவால்பாவின் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

இதோடு பேரரசு வீழ்ந்தது என்று பல நூல்கள் முடித்துவிடும். நான் இங்கே ஒத்துப்போகமாட்டேன். அந்த 168 பேர் தனியாக நின்றிருந்தால் ஓராண்டு தாக்குப்பிடித்திருக்க முடியாது. இன்கா ஆட்சியே அன்று ஒரு நூற்றாண்டு வயதுதான் ஆன ஒரு வெற்றி. அந்த ஆட்சிக்குக் கீழே மனம் கசந்து கிடந்த இனங்கள் பல. வடக்கே காஞாரிகள், கிழக்கே சச்சபோயர்கள், மந்தாரோ பள்ளத்தாக்கில் வான்காக்கள். இவர்கள் ஸ்பானியரைத் தங்கள் கணக்கைத் தீர்க்க வந்த கூட்டாளிகளாகப் பார்த்தார்கள். சோளம், லாமா என்ற சுமைவிலங்கு, துணி, சுமைகூலி, படைவீரர் எல்லாம் கொடுத்தார்கள். கொடுத்ததைக் கணக்கும் வைத்தார்கள். கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு ஆளும் பதிவாகியிருந்தார்கள்; ஸ்பானியர் கேட்காமல் கொள்ளையடித்துக்கொண்டு போனதுகூடத் தனியாகப் பதிவாகியிருந்தது. 1558-லிருந்து 1561 வரை வான்காத் தலைவர்கள் அந்தக் கயிறுகளோடு ஸ்பானியர் தலைநகரான லிமாவின் நீதிமன்றத்துக்குப் போய், ‘நாங்கள் இவ்வளவு கொடுத்திருக்கிறோம், எங்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று வழக்குத் தொடுத்தார்கள். எழுத்தர்கள் கயிற்றைப் படிக்கக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த ஆவணம் இன்றும் இருக்கிறது. வென்றவர் யார், வெல்ல உதவியவர் யார் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சான்று இன்னொன்றை நான் படித்ததில்லை.

1536-இல் பிசாரோவே அரியணையில் ஏற்றிய மாங்கோ இன்கா புரட்சி செய்து, குஸ்கோவைப் பல மாதம் முற்றுகையிட்டார். லிமாவும் தாக்கப்பட்டது. அப்போது பிசாரோவோடு வாழ்ந்த இன்கா இளவரசி கிஸ்பே சிசாவின் தாய், வாய்லாஸ் நாட்டுத் தலைவி கொந்தர்வாச்சோ, ஸ்பானியரைக் காக்கத் தன் படையை அனுப்பினார். லிமாவுக்கு அருகே புருச்சுக்கோவில் தோண்டியெடுத்த அக்கால எலும்புக்கூடுகளில் துப்பாக்கிக் குண்டு பட்ட ஒரு மண்டையோடு செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் பெரும்பாலானவர்கள் மடிந்தது ஆண்டீய ஆயுதங்களின் அடியில்தான்.

இனி இரண்டாவது கேள்வி.

வெற்றி முடிந்ததும் ஸ்பானியர்கள் முதலில் செய்தது நாட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டதுதான். அந்த முறைக்கு என்கொமியெந்தா என்று பெயர். நிலம் கொடுப்பதில்லை, மனிதர்களைக் கொடுப்பார்கள். இன்ன தலைவரும் அவர் கீழுள்ள இத்தனை குடும்பங்களும் உன் பொறுப்பு, அவர்களுக்குக் கிறிஸ்தவம் கற்பி, அவர்கள் தரும் வரியும் உழைப்பும் உனக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள். கற்பித்தது கொஞ்சம், கறந்தது அதிகம். கரீபியத் தீவுகளில் இதே முறை மக்களையே அழித்துவிட்டதைக் கண்ணால் கண்ட பாதிரியார் பர்த்தலோமே தெ லாஸ் கசாஸ் ஸ்பெயின் அரசவையில் ஓயாமல் வாதாடினார். 1542-இல் மன்னர் ஐந்தாம் சார்லஸ் புதிய சட்டங்களைப் பிறப்பித்தார்: பூர்வகுடிகளை அடிமைப்படுத்தக் கூடாது, என்கொமியெந்தா பரம்பரையாகத் தொடரக் கூடாது. பெருவிலிருந்த வெற்றியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிசாரோவின் தம்பி கொன்சாலோ தலைமையில் கலகம் மூண்டது. சட்டத்தை அமல்படுத்த வந்த முதல் வைஸ்ராயை 1546-இல் போரில் கொன்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து கொன்சாலோவின் தலையும் உருண்டது. சட்டத்தை மட்டும் மன்னர் தளர்த்திக்கொண்டார். லாஸ் கசாஸின் குரல் உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் மன்னருக்கு அந்தச் சட்டத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. கடல் கடந்து ஒரு பிரபுக் குலம் வேர்விட்டு வளர்வதை அவர் விரும்பவில்லை. இரக்கமும் கஜானாவும் ஒரே பக்கம் நின்றபோது சட்டம் பிறந்தது. கஜானா எதிர்ப்பக்கம் போனபோது என்ன ஆனது என்பதைப் பொத்தோசி காட்டும்.

1545-இல் தியேகோ வால்பா என்ற ஆண்டீயர் அந்தச் செம்மலையில் வெள்ளித் தாதுவைக் கண்டார். மலையடிவார ஊர் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பயிர் விளையாது, மரம் வளராது. அங்கே சில ஆண்டுகளில் ஒரு நகரம் முளைத்தது.

முதல் இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளியைப் பிரிக்கும் வித்தை ஸ்பானியர் கையில் இல்லை. அவர்களுடைய துருத்தி உலைகள் இந்தத் தாதுவிடம் தோற்றன. ஆண்டீயர்கள் வய்ரா என்ற சிறு களிமண் உலைகளை மலைச்சரிவில், காற்று அடிக்கும் இடம் பார்த்து வைத்தார்கள். பக்கங்களில் துளைகள் வழியே மலைக்காற்று புகுந்து நெருப்பை ஊதும். இரவில் ஆயிரக்கணக்கான உலைகள் சரிவெங்கும் எரிவதை அக்காலப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். சுரங்கம் ஸ்பானியருடையது, தோண்டுவதும் உருக்குவதும் ஆண்டீயர். தோண்டியவர் தாதுவில் தமக்கென ஒரு பங்கு எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தத் தாதுவை ஊர்ச் சந்தையில் விற்றவர்கள் பெண்கள். உருக்கியவர், விற்றவர், வாங்கியவர் என ஒரு முழுச் சங்கிலி ஆண்டீயர் கையில் இருந்தது. காலனிய ஆட்சியின் நடுவிலேயே இப்படி ஓர் இடைவெளி திறந்திருந்ததை நாம் மறக்கக் கூடாது. அடுத்து வந்தவர் அந்த இடைவெளியை மூடுவதற்காகவே வந்தார்.

அவர் பெயர் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. 1569-இல் வைஸ்ராயாக வந்து 1581 வரை ஆண்டார். வரும்போது பொத்தோசியில் செழிப்பான மேற்படிவத் தாது தீர்ந்துபோயிருந்தது. ஆழத்திலிருந்த மட்டமான தாதுவை வய்ராவில் உருக்க முடியவில்லை. மன்னர் இரண்டாம் பிலிப்புக்கோ போர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. தொலேதோ ஐந்தாண்டு நாடெங்கும் நேரில் சுற்றினார். ஊர் ஊராக ஆட்களை எண்ணினார். பிறகு மூன்று காரியங்களைச் செய்தார். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

முதலாவது, மக்களை இடம் மாற்றியது. ஆண்டீஸ் மலைமக்கள் ஒரே ஊரில் கூடி வாழ்பவர்கள் அல்லர். அய்லு என்ற உறவுக்குழுதான் அவர்களின் அடித்தளம். ஓர் அய்லுவுக்கு உயரத்தில் லாமா மேய்ச்சல், நடுவில் உருளைக்கிழங்கு, கீழே சோளம், இன்னும் கீழே வெப்பப் பள்ளத்தாக்கில் மெல்லுவதற்கான கோக்கா இலை என்று வெவ்வேறு உயரங்களில் நிலமும் ஆட்களும் இருப்பார்கள். ஓர் உயரத்தில் உறைபனி விழுந்து பயிர் போனாலும் இன்னோர் உயரத்திலிருந்து உணவு வரும். தொலேதோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அந்தச் சிதறிய குடியிருப்புகளிலிருந்து பெயர்த்து, நூற்றுக்கணக்கான புதிய ஊர்களில் குடியமர்த்தினார். நேர்த் தெருக்கள், நடுவில் சதுக்கம், சதுக்கத்தில் தேவாலயம், சிறை, ஊர்மன்றம். எண்ண எளிது, வரி வாங்க எளிது, பூசைக்கு வராதவரைக் கண்டுபிடிக்க எளிது. நோய் பரவவும் எளிது. எட்டத்திலிருந்த வயல்கள் கைவிட்டுப் போயின. அவற்றில் பலவற்றை ஸ்பானியப் பண்ணையார்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, பாதரசம். மட்டமான தாதுவை மாவாக அரைத்து, உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்து வாரக்கணக்கில் ஊறவிட்டால் வெள்ளி பாதரசத்தோடு சேர்ந்துகொள்ளும். கழுவி, துணியில் பிழிந்து, சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி நிற்கும். மெக்சிகோவில் 1550-களிலிருந்து நடந்த இந்த முறை 1570-களின் தொடக்கத்தில் பொத்தோசிக்கு வந்தது. பாதரசம் வான்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து வந்தது. தோல் பைகளில் லாமாக்கள் மேல் ஏற்றிக் கடற்கரைக்கும், கப்பலில் அரிக்கா துறைமுகத்துக்கும், மறுபடி மலைமேலும் கொண்டுபோனார்கள். பாதரசம் அரசின் ஏகபோகம். எவ்வளவு பாதரசம் விற்றது என்று பார்த்தால் எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்குச் சேர வேண்டும். அரைப்பதற்கு நீர்விசை ஆலைகள் வேண்டும், ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டும். மலைமேல் அணைகள் கட்டி ஏரிகளைத் தேக்கினார்கள். 1626-இல் அவற்றில் ஓர் அணை உடைந்து ஊரையும் ஆலைகளையும் வாரிக்கொண்டு போனது. இத்தனை முதலீடும் ஸ்பானியரால்தான் போட முடிந்தது. வய்ரா உலைகள் ஓரத்துக்குப் போயின. ஆண்டீயர் கையிலிருந்த வித்தை மதிப்பிழந்து, அவர்கள் வெறும் உடலுழைப்பாளர் ஆனார்கள்.

அந்த உடலுழைப்பை மலிவாகக் கொண்டுவந்தது மூன்றாவது காரியம்: மீத்தா.

மீத்தா தொலேதோவின் கண்டுபிடிப்பு இல்லை. இன்காக்களின் காலத்திலேயே குடும்பங்கள் முறைவைத்து அரசுக்கு உழைத்தன: சாலை போட, கோட்டை கட்ட, அரசின் வயலை உழ, போருக்குப் போக. உழைப்பவர்களுக்கு அரசு தன் களஞ்சியத்திலிருந்து உணவும் சோளக் கள்ளும் கொடுத்தது. அது சுகமான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. இன்கா அரசும் கட்டாயப்படுத்தத் தயங்காத அரசுதான். ஆனால் அதில் கொடுக்கல் வாங்கல் இருந்தது, பஞ்சத்தில் களஞ்சியம் திறந்தது. தொலேதோ அந்தப் பெயரையும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டு, களஞ்சியத்தை நீக்கிவிட்டார். குஸ்கோவுக்குத் தெற்கிலிருந்து தாரிகா வரை 16 மாகாணங்கள். வயது 18 முதல் 50 வரையுள்ள ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் பொத்தோசிக்குப் போக வேண்டும். மொத்தம் சுமார் 13,500 பேர். அவர்களை மூன்று அணியாகப் பிரித்து, ஒரு வாரம் சுரங்கம், இரண்டு வாரம் ஓய்வு என்று சட்டம் எழுதினார். சுரங்கத்தில் நாள் கூலி மூன்றரை ரியால் (ஸ்பானிய வெள்ளிக்காசு).

மன்னரின் குடிமக்களைத் தனியாருடைய சுரங்கத்துக்குக் கட்டாயமாக அனுப்பலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1570-இல் லிமாவில் தொலேதோ ஒரு கூட்டம் கூட்டினார். பொதுநன்மைக்காகச் செய்யலாம் என்று பேராயர் லோயாசா உள்படப் பலரும் ஒப்புதல் கொடுத்தார்கள். பேராயர் சாவதற்கு முன் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். மீத்தா அதற்குப் பிறகும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

சட்டத்தில் எழுதியது ஒரு வாழ்க்கை, நடந்தது வேறு. தித்திகாக்கா ஏரிக்கரையின் சுக்குயீத்தோ மாகாணத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 2,200 பேர் போக வேண்டும். ஆண் மட்டும் போவதில்லை. மனைவி, குழந்தைகள், தின்பதற்கும் சுமப்பதற்கும் லாமாக்கள், உறைந்து உலர்ந்த உருளைக்கிழங்கு மூட்டைகள் என்று கிராமமே எழுந்து நடக்கும். 1600-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு ஸ்பானியப் பார்வையாளர் அந்தக் கூட்டத்தை ஏழாயிரம் உயிர்கள் என்று மதிப்பிட்டார். ஐந்தாறு வயதுக் குழந்தைகளும் கால்நடைகளும் உடன் வருவதால் இரண்டு மாதம் ஆகும் பயணம். வழியில் தரையில் படுக்கை. போனவர்களில் சுமார் இரண்டாயிரம் பேர்தான் ஊர் திரும்புகிறார்கள், மற்றவர்கள் சாகிறார்கள் அல்லது அங்கேயே தங்கிவிடுகிறார்கள் என்று அவர் எழுதினார்.

திங்கட்கிழமை மலையடிவாரத்தில் ஆட்களைக் கூட்டி, எண்ணி, சுரங்கச் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். உள்ளே போனால் சனிக்கிழமைதான் வெளியே. தோலைத் திரித்துக் கட்டிய ஏணிகள். முதலில் ஏறுபவரின் கட்டை விரலில் ஒரு மெழுகுவர்த்தி. முதுகில் கம்பளியில் கட்டிய இருபத்தைந்து கிலோ தாது. ஆழத்தில் புழுக்கம், வியர்த்து நனைந்த உடம்போடு வெளியே வந்தால் உறையவைக்கும் மலைக்காற்று. நாளெல்லாம் உழைத்தால் போதும் என்று தொலேதோ எழுதியிருந்தார். முதலாளிகள் அதை மாற்றி ஆளுக்கு இத்தனை சுமை என்று கணக்கு வைத்தார்கள். கணக்கு முடியாவிட்டால் கூலி குறையும், அடியும் விழும். கல்தூசு நுரையீரலை அடைத்தது. ஆலைகளில் பாதரசச் சேற்றை வெறுங்காலால் மிதித்தவர்களுக்குப் பல் ஆடியது, கை நடுங்கியது. வான்காவெலிக்காவின் பாதரசச் சுரங்கத்துக்கு முறை வந்தவர்களின் கதி இதைவிட மோசம்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பொத்தோசி முழுக்கக் கட்டாய உழைப்பால் இயங்கவில்லை. 1603-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று அங்கே உழைத்த ஆண்டீயர் சுமார் 59,000 பேர் என்கிறது. அவர்களில் அப்போது மீத்தா முறையில் உழைத்தவர்கள் 5,100 மட்டுமே. மற்றவர்கள் மிங்கா என்ற கூலி ஒப்பந்தக்காரர்கள், சுமைகாரர்கள், உப்பும் விறகும் கரியும் கொண்டுவருபவர்கள். மிங்காவுக்குக் கூலி மீத்தாக்காரரைப் போல இரு மடங்குக்குக் குறையாது. மீத்தாக்காரரே தம் ‘ஓய்வு’ வாரங்களில் மிங்காவாக உழைத்துத்தான் குடும்பத்தைக் காத்தார். மீத்தாவின் பொருளாதார இரகசியம் இதில் இருக்கிறது: மிக ஆபத்தான வேலைக்கு முதலாளி கொடுத்தது அரைக் கூலி. மீதி அரைக் கூலியை ஊரிலிருந்த நிலமும், கூட நடந்து வந்த லாமாக்களும், சந்தையில் உட்கார்ந்து விற்ற மனைவியும் கொடுத்தார்கள். எங்கோ ஏரிக்கரையில் இருந்த அய்லு, தன் வயிற்றைக் கட்டி ஐரோப்பாவின் வெள்ளிக்கு மானியம் தந்தது.

அந்த அய்லுவுக்கும் அரசுக்கும் நடுவில் நின்றவர் குராக்கா, பரம்பரைத் தலைவர். ஸ்பானிய ஆட்சி அவரை ஒழிக்கவில்லை, வைத்துக்கொண்டது. வரி வசூலிப்பதும், முறைக்கு ஆள் அனுப்புவதும் அவர் பொறுப்பு. பதிலுக்கு அவருக்கு வரிவிலக்கு, குதிரை ஏறும் உரிமை, மகன்களுக்குப் பாதிரியார் பள்ளி. சில குராக்காக்கள் இதில் கொழுத்தார்கள். பலர் நசுங்கினார்கள். காரணம் எண்ணிக்கை. இன்றைய பெரு நிலப்பரப்பில் 1520-இல் 90 லட்சமாக இருந்த பூர்வகுடி மக்கள் 1620-இல் ஆறு லட்சமாகச் சுருங்கியதாக ஒரு மதிப்பீடு உண்டு. அம்மை, தட்டம்மை, சளிக்காய்ச்சல் அலை அலையாக வந்தன. ஆள் குறைந்தாலும் ஊர்மேல் எழுதிய ஆள்கணக்கு எளிதில் குறையவில்லை. செத்தவர் முறையும் ஓடியவர் முறையும் இருப்பவர் தலையில் விழுந்தன. ஆள் குறைந்தால் குராக்கா பணமாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் சிறை, சவுக்கடி. அவர் தம் லாமாக்களை விற்றார், பிறகு நிலத்தை விற்றார். பதினேழாம் நூற்றாண்டில் சுரங்க முதலாளிகள் பலர் ஆளைவிடப் பணத்தையே விரும்பினார்கள். தாது வற்றிய சுரங்கத்தை மூடிவைத்துக்கொண்டு, வராத ஆளுக்கான பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். ‘சட்டைப்பை இந்தியர்கள்’ என்று அக்காலத்தவரே அந்த ஆட்களைச் சொன்னார்கள் (அமெரிக்கப் பூர்வகுடிகளை ஸ்பானியர் ‘இந்தியர்’ என்றே அழைத்தார்கள்).

மக்கள் சும்மா இருக்கவில்லை. சொந்த ஊரில் பதிவானவருக்குத்தான் மீத்தா. வேற்றூரில் குடியேறியவருக்கு விலக்கு. எனவே ஆயிரமாயிரம் குடும்பங்கள் பிறந்த ஊரை விட்டு வேறு ஊர்களுக்கும், பண்ணைகளுக்கும், நகரங்களுக்கும் போய் ‘வந்தேறிகள்’ என்று பதிவு செய்துகொண்டார்கள். 1680-களில் வைஸ்ராய் லா பலாத்தா எடுத்த கணக்கில் தென்மலைப் பகுதி ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படிப்பட்டவர்கள். ஆட்சியை எதிர்த்து வாள் தூக்காமல், பதிவேட்டிலிருந்து நழுவிப்போய்ச் செய்த இந்த எதிர்ப்பு, எந்தக் கலகத்தையும்விட மீத்தாவை அதிகம் பலவீனப்படுத்தியது என்பது என் கருத்து. விலை இல்லாமலும் இல்லை: முன்னோர் நிலமும் அய்லு உறவும் போனது.

இன்னொரு வழி நீதிமன்றம். சட்டத்தில் ஸ்பானியர் சமூகம், இந்தியர் சமூகம் என்று இரண்டு இருந்தன. இரண்டாவதற்கெனத் தனிப் பாதுகாவலர் பதவியும் உண்டு. ஆண்டீயர்கள் இதை விடாமல் பயன்படுத்தினார்கள். எல்லை வழக்கு, வரி வழக்கு, கொடுமை செய்த பாதிரியார்மேல் வழக்கு. குவாமன் போமா என்ற ஆண்டீய எழுத்தாளர் 1615-ஐ ஒட்டி மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு ஏறக்குறைய 1,200 பக்கக் கடிதம் எழுதினார், கிட்டத்தட்ட 400 கோட்டோவியங்களோடு. குராக்காவை அடிக்கும் அதிகாரி, நெசவு செய்யும் பெண்ணை உதைக்கும் பாதிரியார், சுரங்கத்தில் தொங்கவிடப்பட்ட தொழிலாளி என்று படம் படமாகப் போட்டுக் காட்டினார். நல்லாட்சிக்கு யோசனையும் சொன்னார். அந்தக் கடிதத்தை மன்னர் படித்ததற்குச் சான்றில்லை. 1908-இல் அது கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

நகரத்துக்குள் அந்த இரண்டு சமூகக் கோட்பாடு நிற்கவே இல்லை. 1610-ஐ ஒட்டிப் பொத்தோசியின் மக்கள்தொகை 1,60,000 என்று கணக்கிட்டார்கள்; அன்றைய ஐரோப்பாவின் பெருநகரங்களுக்கு இணை. வட ஸ்பெயினின் பாஸ்குகள், மற்ற ஸ்பானியர்கள், போர்ச்சுகீசியர், ஆப்பிரிக்க அடிமைகள், கலப்பினத்தவர், பத்துப் பதினைந்து ஆண்டீய இனத்தவர் எல்லோரும் ஒரே சந்தையில் இடித்துக்கொண்டார்கள். நாணயசாலையின் கடும் வேலைகளில் ஆப்பிரிக்கர்களைப் பூட்டினார்கள். கோக்கா இலை மட்டும் ஆண்டுக்கு 95,000 கூடை விற்றது. அது பேயின் செடி என்று பாதிரியார்கள் தடை கேட்டார்கள், ஆனால் கோக்கா மெல்லாமல் எவரும் சுரங்கத்துக்குள் இறங்கமாட்டார் என்பதால் தடை வரவில்லை. அந்தச் சந்தையை ஆண்டவர்கள் ஆண்டீயப் பெண்கள். அவர்களில் சிலர் வீடும் கடையும் வாங்கி, உயில் எழுதி வைக்குமளவு உயர்ந்தார்கள். கடற்கரைத் தலைநகர் லிமாவில் 1614-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 25,000 பேரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்க வம்சத்தினர். அதே காலத்து இன்னொரு கணக்கெடுப்பில் லிமாவில் வாழ்ந்த ஆசியர்களும் வருகிறார்கள்: சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியரின் இந்தியப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

அவர்கள் அங்கே வந்த வழியும் வெள்ளி போன வழியும் ஒன்றுதான். பொத்தோசி வெள்ளி அட்லாண்டிக் வழியே ஸ்பெயினின் செவில்லுக்கும், பசிபிக் வழியே மணிலாவுக்கும் போனது. மணிலாவிலிருந்து சீனப் பட்டுக்கு விலையானது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலும் பிறகு சென்னையிலும் துணி வாங்கக் கொண்டுவந்ததில் ஸ்பானிய அமெரிக்க வெள்ளிக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களிடம் நம் ஊர் நெசவாளருக்கு வேண்டிய சரக்கு வேறு எதுவும் அதிகமில்லை.

மீத்தாவின் முடிவு எளிதாக வரவில்லை. மீத்தா மாகாணங்களின் வடகோடியிலிருந்த தின்தாவில் ஹோசே கப்ரியேல் கொந்தோர்கான்கி என்ற குராக்கா, 1572-இல் தொலேதோ தலைவெட்டிக் கொன்ற கடைசி இன்கா துப்பாக் அமாருவின் வழிவந்தவர். 1777-இல் அவர் லிமாவுக்குப் போய், தம் மக்களைப் பொத்தோசி மீத்தாவிலிருந்து விடுவிக்கக் கேட்டு மனுக்கொடுத்தார். முறைப்படி எழுதிய, காரணங்கள் அடுக்கிய மனு. மறுத்துவிட்டார்கள். 1780 நவம்பரில் அவர் மாகாண அதிகாரியைச் சிறைபிடித்துத் தூக்கிலிட்டு, இரண்டாம் துப்பாக் அமாரு என்ற பெயரில் புரட்சி தொடங்கினார். அப்போதும் எல்லா ஆண்டீயரும் அவர் பக்கம் நிற்கவில்லை. சின்செரோவின் குராக்கா பூமாகாவா உள்படப் பலர் மன்னர் பக்கம் போரிட்டார்கள். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் அவரையும் மனைவி மிக்காயலா பஸ்திதாசையும் குடும்பத்தினரையும் கொன்றார்கள்.

1812-இல் காதிஸில் கூடிய ஸ்பானிய நாடாளுமன்றம் மீத்தாவை ஒழித்தது. 1825-இல் பொலிவியா விடுதலை பெற்று, சிமோன் பொலிவார் அந்த மலையுச்சியில் கொடியேற்றினார். இந்தியர்கள் கட்டிவந்த தலைவரியும் இரத்தானது. அடுத்த ஆண்டே புதிய குடியரசு, பணமில்லாமல், அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பொலிவிய அரசின் மிகப் பெரிய வருமானங்களில் ஒன்று, அய்லுக்கள் கட்டிய அதே வரிதான்.